அந்த வரைபடங்கள் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரித்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும் திட்ட வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

நான் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். ஊரிலிருந்து முதல் தடவையாக வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "லேக் எங்கே இருக்கு?" எட்டு வயதில் நானும் அப்பாவிடம் இதையே கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பீரோவுக்கு மேலிருந்த தகரக் குழாயை இறக்கி, அதற்குள் சுருட்டி வைத்திருந்த டிரேசிங் துணியை உருவித் தரையில் விரித்தார். அது விரிய மறுத்துச் சுருண்டுகொண்டே இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஆழாக்கும் இரண்டு எடைக்கல்லும் கொண்டுவந்து மூலைக்கு மூலை வைத்தார்.

அப்பா சர்வேயர். சங்கிலி பிடித்து, கல் நட்டு, புலப்படம் வரைந்தே காலத்தை ஓட்டியவர். அந்தத் துணியில் இருந்தது, ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்து அவரே தன் கையால் எடுத்த நகல். வெள்ளரிப் பிஞ்சு போல நீளமாக ஒரு நீலம். அதன் கிழக்கு ஓரத்தில் இரட்டைக் கோடு. அந்தக் கோட்டின் மேல் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னக் கீற்றுகள். "இது கரை. கீற்று இருக்கிற பக்கம் சரிவு" என்றார். கரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டிப் பெட்டிகள். அவை மதகுகள். "நம்ம வீடு எங்கேப்பா?" என்று கேட்டேன். நீலத்தின் மேற்கு ஓரத்தில் விரலை வைத்து, "இங்கே. நாம இருக்கிறது ஏரியோட உள்வாயிலே" என்றார். உள்வாய் என்றால் ஏரிக்குள் தண்ணீர் நிற்கிற பகுதி.

நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்று இரண்டு பெயர்களால் அழைக்கப்பட்டு, சேர்த்து வெள்ளைக்காரர்களால் லாங் டேங்க் என்று சொல்லப்பட்ட ஏரி அது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம். அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. 1920களில் ஏரியை வற்றவைத்து, தூர்த்து, மனை பிரித்தார்கள். அப்படி எழுந்த குடியிருப்புக்கு, 1925இல் காலமான பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் வைக்கப்பட்டது. இன்றைக்கு நாம் புடவை எடுக்கப் போகிற தி.நகர் அதுதான்.

2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறைச் சாக்கடைத் துளையில் குமிழி விட்டது. அப்புறம் சமையலறையில். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, வயதான அம்மாவை மாடி வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டேன். காலையில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து போனபோது, எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டே போனேன். ஏன் குறித்தேன் என்று கேட்டால், சர்வேயர் மகனின் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு அப்பாவின் துணியை எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியில் தெருப்படத்தை ஒட்டி, அதன்மேல் துணியை வைத்து, அளவு பொருந்துமாறு தெருப்படத்தைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பார்த்தேன். எல்லாத் தெருவும் ஒத்துப்போனது என்று சொன்னால் அது பொய். மண் கொட்டி மேடாக்கிய சில தெருக்கள் நீலத்துக்குள் இருந்தும் தப்பித்திருந்தன. ஏரிக்கு வெளியே இருந்த சில இடங்கள், வாய்க்கால் அடைத்துப் போனதால் மூழ்கியிருந்தன. ஆனால் நான் டைரியில் "இடுப்பளவு" என்று எழுதியிருந்த தெருக்களில் பெரும்பாலானவை அந்த நீலத்துக்குள் இருந்தன. வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் தொடங்கி, தி.நகரை ஊடறுத்து, நந்தனத்தில் அடையாற்றில் போய்ச் சேருகிறதே மாம்பலம் கால்வாய், அது ஏரியின் நீளத்தோடு நீளமாக ஓடுவதையும் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வள்ளுவர் கோட்டமே ஏரி இருந்த இடத்தில் எழுந்ததுதான். நூறு வருடத்துக்கு முன் தூர்த்த ஏரி, மழை வந்தால் தன் இடத்துக்கே வந்து நிற்கிறது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. அதன் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த இருபது வருடத்துக்கான திட்டம் உங்கள் மேசையில் இருக்கிறது. எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது வேளாண்மை என்று நீங்கள் நிறம் தீட்டப் போகிறீர்கள். அந்த நிறத்தைத் தீட்டுவதற்கு முன்னால், அந்த நிலத்தின் பழைய வரைபடத்தை எடுத்து அடியில் வையுங்கள் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தாளமுத்து நடராசன் மாளிகை எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. அதே சாலையில், 1909ஆம் ஆண்டின் சிவப்புக் கட்டடத்தில், தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது. நடந்தே போய்விடலாம். சேப்பாக்கத்தில் நில அளவை அலுவலகம். கொஞ்சம் தள்ளி லண்டனில் பிரிட்டிஷ் நூலகம். இந்த நகரத்தைப் போல வரையப்பட்ட நகரங்கள் இந்தியாவில் அதிகம் கிடையாது. 1639இல் கிடைத்த ஒரு மணல் திட்டில் தொடங்கிய ஊர் இது. 1700களின் தொடக்கத்திலேயே ஆளுநர் தாமஸ் பிட் காலத்து வரைபடம் இருக்கிறது. 1755இல் கான்ராடி வரைந்தது இருக்கிறது. 1822இல் ரேவன்ஷாவின் அளவை இருக்கிறது. நில அளவை கற்றுத்தர 1794இல் இங்கே தொடங்கிய பள்ளிதான் பின்னால் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரலில் இந்தியாவையே அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலையில்தான் போட்டார். அளப்பதில் இவ்வளவு அனுபவம் உள்ள ஊர், அளந்ததை எடுத்துப் பார்க்காமல் இருப்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது தாமஸ் பர்னார்டின் அளவையை. 1767 முதல் 1774 வரை நவாப் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த நிலப்பரப்பான செங்கல்பட்டு ஜாகிரை அவர் அளந்தார். கிட்டத்தட்ட 2,000 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி குளம் எவ்வளவு இடம் என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் மூலம் ஓலையில், தமிழில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இது ஏதோ பழம்பெருமைக்காகச் சொல்வதில்லை. 2022இல் உங்கள் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்தவை திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள். அதாவது ஏறக்குறைய அதே பர்னார்டின் நாடு. ஏரி மாவட்டம் என்றே பேரெடுத்த நிலம். அங்கே இன்னும் ஏரிகள் உயிரோடு இருக்கின்றன. மதகு இருக்கிறது, மிகுந்த தண்ணீர் வழிகிற கலங்கல் இருக்கிறது, ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகிற வரத்துக் கால்வாய் இருக்கிறது. மாம்பலத்தில் எங்களுக்கு நடந்தது அங்கே இன்னும் நடக்கவில்லை. நடக்காமல் தடுக்க முடிகிற இடத்தில் இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் என்ற பெயர் உங்கள் துறையில் படித்தவர்களுக்குப் புதிதில்லை. அவர் தன் நகரக் கண்காட்சியோடு சென்னைக்கு வர இருந்தபோது, அவருடைய வரைபடங்களையும் படங்களையும் ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன் நம் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன்தான். வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குப் போன பிறகும் கெடிஸ் சோர்ந்து உட்காரவில்லை. நண்பர்களைக் கொண்டு மறுபடி திரட்டி, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம். ஊர் எப்படி வளர்ந்தது, தண்ணீர் எங்கே போகிறது, மக்கள் எதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும் என்றார். குளங்களைக் கொசு வருகிறதென்று தூர்ப்பதை எதிர்த்தார். மீனும் வாத்தும் விட்டால் போதும் என்று எழுதினார்.

அவரைத் தொடர்ந்து லான்செஸ்டர் சென்னைக்கு நகரமைப்பு ஆலோசகராக இருந்து 1918இல் ஒரு நூலே வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் காலத்தில்தான் லாங் டேங்க் மனைகளானது. அன்றைக்கு அதைச் செய்தவர்களை நான் திட்டத் தயாரில்லை. வீடு இல்லாமல் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களைப் பிரித்த அழகை இன்றைக்கும் நின்று ரசிக்கலாம். வீட்டு மனையைக் கணக்குப் போட்டவர்கள், அத்தனை பெரிய ஏரி பிடித்து வைத்திருந்த தண்ணீர் இனி எங்கே நிற்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கணக்கை இன்றைக்கு நாங்கள் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முகப்பேரில் ஒரு குடியிருப்பின் முகவரியிலேயே ஏரித் திட்டம் என்று இருக்கிறது. கீழ்ப்பாக்கம் பக்கம் மேடவாக்கம் டேங்க் ரோடு. சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் ரோடு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. பழவந்தாங்கலில் தாங்கல், திருவல்லிக்கேணியில் கேணி. சென்னையின் தெருப்பலகைகளை மட்டும் வரிசையாக எழுதினாலே பாதி நீர்வரைபடம் கிடைத்துவிடும். பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது. 1877 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டி நீட்டியது. அதன் படுகையிலேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் ஓடுகிறது.

பள்ளிக்கரணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக் கடலுக்குப் போகும். பழைய நிலவரைபடங்களில் வேளச்சேரிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் சதுப்பு அது. ஆனால் அரசு ஆவணங்களில் நெடுங்காலம் அதற்கு இருந்த பெயர் தரிசு. ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்படியே கொடுத்தோம். குப்பைக்குக் கொடுத்தோம், அலுவலகங்களுக்குக் கொடுத்தோம், சாலைக்குக் கொடுத்தோம். 2022இல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு நிலத்துக்கு வரைபடத்தில் என்ன பெயர் எழுதுகிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்கள். முதலில், சிதறிக் கிடக்கும் படங்களை ஒரே இடத்தில் சேருங்கள். ஆவணக்காப்பகத்தின் படங்கள், கிராம வரைபடங்களின் முதல் பதிப்புகள், இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் நகல்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இன்றைய அட்சரேகை தீர்க்கரேகையோடு பொருத்துங்கள். இது புதுமையான வேலை இல்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில், பழைய படத்தின் மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்து, விரலால் நகர்த்தி நகர்த்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரைபடம் என்றாலே பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலமும் போய்விட்டது. ஒன்றிய அரசே 2021இல் விதிகளைத் தளர்த்திவிட்டது. நம் மாநிலத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே கைபேசியில் எடுக்க முடிகிறது. அந்த ஏற்பாட்டோடு இன்னும் ஒரு அடுக்கைச் சேர்ப்பதுதான் நான் கேட்பது. ஒரு சர்வே எண்ணைத் தட்டினால் அந்த இடம் 1800களில் என்னவாக இருந்தது, 1900களில் என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும்.

அந்த அடுக்கு அலமாரியில் அழகுக்கு இருந்தால் போதாது. நிலப்பயன்பாட்டைத் தீர்மானிக்கும்போது சட்டப்படி பார்க்க வேண்டிய படமாக அது இருக்க வேண்டும். உங்களால் இது முடியும் என்பதற்குச் சாட்சி உங்கள் இரண்டாம் திட்டத்திலேயே இருக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று தனியாகக் கட்டுப்பாடு வைத்தீர்கள். அதையே 5,904 சதுர கிலோமீட்டரின் ஏரி, உள்வாய், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் அனைத்துக்கும் விரிக்கக் கேட்கிறேன். ஏரியை மட்டும் காப்பாற்றிவிட்டு அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் லேஅவுட்டுக்கு அனுமதி தந்தால், அது வேரை வெட்டிவிட்டு மரத்துக்கு வேலி போடுகிற கதைதான்.

ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். யாரையும் காலி செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டவரை முதலில் விரட்டிவிட்டு, ஏரிக்குள் அடுக்குமாடி கட்டியவரை விட்டுவிடுவதற்கு இந்தப் படங்கள் ஒருநாளும் பயன்படக் கூடாது. ஆனால் உண்மை வெளியில் தெரிய வேண்டும். மனை வாங்குகிறவருக்கு, அது பழைய உள்வாய் என்று பத்திரப் பதிவுக்கு முன்பே தெரிய வேண்டும். அங்கே கட்டுகிறவர் தரைத்தளத்தை உயர்த்தித் தண்ணீர் போக வழி விட வேண்டும். மழைநீர் வடிகாலுக்குச் சரிவு பார்க்கும் பொறியாளரிடம் தெருவின் மட்டத்தோடு ஏரியின் மட்டமும் இருக்க வேண்டும்.

படத்தைக் கேட்டு அலைந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நகலுக்கு மூலம் எது என்று தெரிந்துகொள்ள ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் நாள் சர்வே எண் கேட்டார்கள். ஏரிக்கு நான் எந்த எண்ணைச் சொல்வது? இரண்டாம் நாள், படம் நைந்துவிட்டது, எடுத்தால் கிழிந்துவிடும் என்றார்கள். மூன்றாம் நாள், "எதுக்குக் கேக்கறீங்க, கேஸ் போடப் போறீங்களா?" என்றார்கள். நான்காம் நாள் சம்பந்தப்பட்டவர் விடுப்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. படம் கேட்டு வருகிறவன் வில்லங்கத்தோடுதான் வருவான் என்று பழகிவிட்டார்கள். தன் தெரு முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒருவன் வரலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நைந்த படம் முழுதாகப் பொடியாவதற்குள் யாராவது ஸ்கேன் செய்ய வேண்டுமே என்ற கவலையில்தான் திரும்பி வந்தேன்.

பழைய படங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. வரைந்தவர்களுக்கு வேண்டியது வரியும் கோட்டையும் படை போகிற பாதையும். கறுப்பர் பட்டணம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போன இடங்களுக்குள் எத்தனை சேரி, எத்தனை குப்பம் இருந்தன என்று அவை சொல்லாது. மீனவர்கள் வலை உலர்த்தும் மணலும், ஆற்றுமுகத்தில் அவர்கள் பாடு பார்க்கும் இடமும் அவற்றில் வெறும் வெள்ளைத் தாள். சென்னையின் கடற்கரைக் குப்பங்களில் மீனவர்களே தங்கள் பொதுநிலங்களை வரைபடமாக வரைந்திருக்கிறார்கள். அவற்றையும் உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். புதிதாகச் சேர்ந்த கிராமங்களில், ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிற நீர்க்கட்டிகள் இன்னும் சிலர் இருப்பார்கள். எந்த மதகு திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். கருத்துக்கேட்புக் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் ஏரிக்கரையில் வையுங்கள். படத்தைத் தமிழில் பெரிதாக அச்சடித்துத் தரையில் விரியுங்கள். அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. 1773 என்று பொறித்திருக்கும். பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு தடவை கோட்டையை இழந்த கும்பினி, இனிக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளிதான் இருக்க வேண்டும், இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று ஆறு தூண்களை நட்டது. மிஞ்சியது அந்த ஒன்றுதான். பீரங்கிக்குக் குறி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஊரில் அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கல்லில் எழுதி நிறுத்த முடிந்தது. புதிய எல்லைக்குள் வந்திருக்கும் ஒவ்வொரு ஏரியின் உள்வாய் ஓரத்திலும், வாய்க்காலின் இரு பக்கத்திலும், அதே மாதிரி கல் நடச் சொல்லுங்கள். பழைய வரைபடம் எங்கே நீலத்தை நிறுத்தியதோ அங்கே நடச் சொல்லுங்கள். அந்தக் கல்லின் எண்ணை முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் ஏற்றுங்கள்.

அப்பா இப்போது இல்லை. தகரக் குழாய் இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் குறித்துச் சொன்னால் அதை எடுத்துக்கொண்டு எழும்பூருக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஆவணக்காப்பகத்துக்கு நடந்து போய் அதன் மூலப் படத்தைச் சேர்ந்தே தேடலாம். துணி சுருண்டுகொள்ளும். மூலைக்கு வைக்க நான்கு எடைக்கல் மட்டும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
மேற்கு மாம்பலம் வாசி ஒருவன்